டீசல் குடிக்காத லொறி

கழிவொயில்காரர் என்று ஓர் இனம் எங்கள் வன்னியில் உண்டு. அவரை நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை. உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றுகிற நாளில் அவரே வந்து சேருவார். மெக்கானிக் அடியிலுள்ள ஆணியைக் கழற்றி, கறுத்த ஒயில் தகரத்துக்குள் ஒழுகத் தொடங்கும்போது உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சுக் கேட்கும். திரும்பினால், கையில் வெறும் கானோடு ஒரு மனிதர் நிற்பார். நீங்கள் எறியப்போகும் அந்த அழுக்கை அவர் பார்க்கிற பார்வையை, கலியாணப் பந்தியில் பாயாசத்தைப் பார்க்கிறவர்களிடம்கூட நான் கண்டதில்லை.

அடையாளங்கள் எளியவை. வலதுகைப் பெருவிரல் நகம் எந்தச் சவர்க்காரத்துக்கும் வெளுக்காது. எந்தத் திரவத்தைக் கண்டாலும் விரலில் தொட்டு, உரசி, மூக்கடிக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, ‘எரியும்’ அல்லது ‘எரியாது’ என்று தீர்ப்புச் சொல்வார். உலகத்துப் பொருள் எல்லாம் அவருக்கு இந்த இரண்டு வகைதான். ஒரு கலியாண வீட்டில் ரசத்துக்கும் இந்தச் சோதனை நடந்ததை நான் பக்கத்து இலையிலிருந்து பார்த்தேன். ரசம் எரியாது.

எங்கள் வட்டக்கச்சியில் இந்த இனத்தின் தலைவர் தில்லைநாதன். ஐம்பத்தெட்டு வயது, ஒரு பழைய ஜப்பான் லொறி, ஜெயரூபி என்று ஒரு பொறுமையான மனைவி, அந்த மனைவியின் பொறுப்பில் நாற்பது ஐம்பது கோழி. நான் அடுத்த வளவுக்காரன். சங்கக்கடையில் இருபத்தாறு வருடம் முகாமையாளராக இருந்தவன் என்பதால் ஊர் இன்னும் என்னை மனேச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. எண்ணெய் வகைகளைப் பற்றி எனக்கும் இரண்டொரு அபிப்பிராயம் உண்டு, ஆனால் தில்லைநாதன் ஒருநாளும் அவற்றைக் கேட்டதில்லை.

இப்படியானவர்கள் எப்படி உருவாகிறார்கள்? பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். சமையல் எண்ணெயைக் குடித்துவிட்டு உழவு இயந்திரம் உழுததையும் பார்த்தோம். ஆனால் அந்தக் காலம் போனதும் பெரும்பாலான ஆட்கள் அப்பாடா என்று டீசலுக்குத் திரும்பினார்கள். தில்லைநாதனும் திரும்பினவர்தான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்து அவரைக் கெடுத்தது. நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில், சோறும் சண்டையும் நித்திரையுமாய் மூன்று கிலோமீற்றருக்கு நீண்டு கிடந்த வரிசையின் ஓரத்தால், கறுத்த புகையை விட்டுக்கொண்டு, ஒரு கையை யன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டியபடி அவர் போனார். ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கக்கூடாது. வரிசை எப்போதோ முடிந்துவிட்டது, டீசல் இப்போது கேட்டால் கிடைக்கிறது, ஆனால் அவர் நீட்டிய கையை இன்னும் உள்ளே எடுக்கவில்லை.

அவருடைய வளவுக்குள் போனால் ஏழு நீலப் பரல்கள், அதாவது பீப்பாய்கள், வரிசையாக நிற்கும். ஒயில் அதற்குள் நாற்பத்தெட்டு நாள் தெளிய வேண்டும், ஒரு மண்டலம், குறையக்கூடாது. அதுவரை பரலை ஆட்டக்கூடாது, தட்டக்கூடாது, பக்கத்தில் நின்று பலமாகத் தும்மினாலும் அவருக்கு முகம் மாறும். பிறகு வடிகட்டல். ஒன்பது மடிப்பு நூல் சேலை. யாருடைய சேலை என்று கேட்கிறீர்களா? அவரிடம் சேலை இல்லை, ஆகவே ஜெயரூபியுடையதுதான். ஒருமுறை பட்டு இன்னும் நுண்ணியதாய் வடிக்கும் என்று ஒரு யோசனை அவருக்கு வந்ததாகவும், அன்றிலிருந்து கூறைச் சேலை இருக்கும் அலுமாரித் திறப்பு ஜெயரூபியின் தாலிக்கொடியில் தொங்குவதாகவும் கேள்வி.

வடித்ததில் கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் சாப்பாட்டுக்கடைப் பொரித்த எண்ணெய். வடை எண்ணெய் கலந்த வாரத்தில் லொறி போன வழியெல்லாம் வடை மணக்கும். ஒருநாள் பூநகரிக்குக் கல் ஏற்றிப் போனபோது பரந்தன் சந்தியிலிருந்து ஆறு நாய்கள் நம்பிக்கையோடு பின்னால் ஓடின.

“மனேச்சர், இதைப் பாருங்கோ,” என்று ஒரு பின்னேரம் கூப்பிட்டார். அந்த லொறியில் எண்ணெய் காட்டும் முள் செத்துப் பல வருடம். தாங்கிக்குள் ஒரு பூவரசங்குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். குச்சி அரைவாசிக்கு மேல் நனைந்திருந்தது.

“முந்தநாள் இருபது லீற்றர் விட்டனான். முல்லைத்தீவுக்குப் போய் வந்தன். பாத்தியளோ, குறையவே இல்லை.”

“அதெப்படி?”

“கழிவொயில் டீசலைவிடக் கூட ஓடும், மனேச்சர். டீசல் எண்டுறது சும்மா கொம்பனிக்காரன்ரை ஏமாத்து.”

ஜெயரூபி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் சீனி வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதையும் சொன்னேன். சீனியை விட்டு ஐந்து வருடமாகிறது, முதல் பத்து நாள்தான் கஷ்டம், பிறகு நாக்குப் பழகிவிடும், இப்போதெல்லாம் வீட்டில் குடிக்கிற வெறுந்தேத்தண்ணியே எனக்கு இனிக்கிறது, சீனி என்பது வெறும் பழக்கதோஷம் என்று விளக்கினேன். ஜெயரூபி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோழிக்குத் தீன் போடப் போய்விட்டார்.

இனிச் சனீஸ்வரன் கதைக்கு வருகிறேன். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் எள்ளெண்ணெய் எரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏழரைச் சனிக்காரர், அட்டமத்துச் சனிக்காரர், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வெளிநாட்டுக்கு விசா கிடைக்காதவர்கள் என்று ஊரே வந்து எள்ளுப் பொட்டணியை எண்ணெய்ச் சட்டிக்குள் வைத்துக் கொளுத்தி, தலையைச் சுற்றிக் கும்பிட்டு, தன் தன் தோஷத்தை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகும். மிஞ்சிக் கிடக்கும் எண்ணெயை ஒருவரும் தொடமாட்டார்கள். சென்ற வருடம் முதற்சனியன்று தில்லைநாதன் மூன்று கானோடு போனார். ஐயர் ஒரு கணம் யோசித்தார், பிறகு அகப்பையையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது எந்த வழியாலாவது போனால் போதும்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்ட கதை இது.

“இஞ்சருங்கோ, உதை வீட்டுக்கை கொண்டராதேங்கோ.”

“ஏன்? சனீஸ்வரனுக்கு எரிஞ்ச எண்ணெய் எனக்கு எரியாதோ?”

“ஊராக்களின்ரை தோஷமெல்லாம் உந்தக் கானுக்கை கிடக்கு. எத்தினை பேரின்ரை கண்ணீர் தெரியுமே? உதை லொறிக்குள்ளை விட்டியளெண்டால் இனி நான் அந்த லொறிக்குக் கிட்ட வரமாட்டன்.”

தில்லைநாதன் சிரித்தார். “நீர் எப்ப அதுக்குக் கிட்ட வந்தனீர்?”

 தில்லைநாதன் அந்த எண்ணெயை நாற்பத்தெட்டு நாள் தெளியவிடவும் இல்லை, சேலையில் வடிக்கவும் இல்லை. சுவாமிக்கு எரிந்த எண்ணெய், அதைவிடச் சுத்தம் வேறென்ன என்று அப்படியே தாங்கிக்குள் ஊற்றினார். அடுத்த கிழமை லொறி இருமத் தொடங்கியது. புது எண்ணெய்க்குப் பழகுகிறது என்றார். அதற்கடுத்த கிழமை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நல்லாய்ப் பழகுகிறது என்றார்.

இந்த நிலையில்தான் விமலேஸ்வரி என்னிடம் வந்தார். எங்கள் ஒழுங்கையில் பத்து வீட்டுக்காரர் சேர்ந்து வைத்திருக்கும் கமக்காரச் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. முந்தின போகத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய், ஒரு வீட்டிலும் விதைக்கென்று ஒரு பிடி நெல் இல்லை. அலைந்து திரிந்து செட்டிகுளத்தில் நாற்பது மூடை விதைநெல் ஒழுங்கு செய்திருந்தார். மற்ற வயல்களில் புழுதி விதைப்பு முடிந்துவிட்டது. மழை விழுந்து வயல் சேறாகிவிட்டால் புழுதி விதைப்பு இல்லை, வழியில் நனைந்து மூடைக்குள் முளைத்துவிட்டால் விதையும் இல்லை. பத்து வீட்டின் ஒரு வருடச் சோறு அந்த நாற்பது மூடையில் இருந்தது.

“தில்லையண்ணையின்ரை லொறியை நம்பலாமோ, மனேச்சர்?” என்று கேட்டார்.

நம்பலாம் என்றேன். ஏன் சொன்னேன்? குச்சி நனைந்திருந்ததைக் கண்ணால் கண்டவன் அல்லவா.

வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். முன் இருக்கையில் தில்லைநாதன், நான், விமலேஸ்வரி. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கொறிக்கக் கச்சானும் வாங்கிக்கொண்டு, இருமி இருமி ஒருவாறு செட்டிகுளம் போய், நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வவுனியா தாண்டியதும் வடக்கே வானம் கறுத்திருந்தது. கனகராயன்குளத்துக்கு இங்கால், இரண்டு பக்கமும் காடு, லொறி ஒருமுறை குலுங்கியது, ஒரு பெரிய ஏப்பம் விட்டது, நின்றது.

“ஒண்டுமில்லை. காத்து வாங்கீட்டுது,” என்றார் தில்லைநாதன்.

எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுத்தார். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார், துப்பினார், இன்னொரு குழாயை உறிஞ்சினார். பம்பைத் தட்டினார். லொறியைச் சுற்றி வந்தார். அடர்த்தி, பாகுத்தன்மை, காடு என்றபடியால் குளிர்மை என்று மூன்று காரணம் சொன்னார். லொறி எதையும் ஏற்கவில்லை. கடைசியில் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி அதன் கிண்ணத்தைக் கவிழ்த்தார். கறுப்பாக ஒரு பிடி விழுந்தது. விமலேஸ்வரி குனிந்து விரலால் கிளறிப் பார்த்தார்.

“எள்ளு,” என்றார்.



“ஆரின்ரை சனியோ தெரியாது,” என்றார் விமலேஸ்வரி, “என்ரை நெல்லிலை வந்து நிக்குது. படங்கு எங்கை, அண்ணை? மூடையையாவது மூடுவம்.”

படங்கு வீட்டில் இருந்தது. மழை வரும்போல இருக்கிறதே என்று முதல்நாள் தில்லைநாதன் அதை எடுத்துத் தன் ஏழு பரல்களுக்கும் போர்த்திவிட்டு வந்திருந்தார். விமலேஸ்வரி இதைக் கேட்டுக் கத்தவில்லை. லொறியின் பின்னால் ஏறி, மூடைகளின் மேல் இருந்துகொண்டு, வடக்கே வானத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நம்பலாம் என்று சொன்ன வாய் என்னுடையது.

அரைமணித்தியாலம் கழித்து ஒரு சின்ன லொறி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. கச்சு முகம்மது நானா. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வவுனியாவுக்குத் திரும்பி வந்தவர், வியாழனுக்கு வியாழன் எங்கள் பக்கம் வந்து முட்டையும் தேசிக்காயும் எடுப்பவர். இறங்கி வந்து, கழற்றிக் கிடந்த சாமான்களை ஒருமுறை பார்த்தார்.

“என்ன தம்பி, டீசல் முடிஞ்சு போச்சா?”

“இதுக்கு டீசல் அடிக்கிறேல்லை, நானா. உங்களுக்குத் தெரியாததே?”

நானா சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். “சரி, சரி. தங்கச்சி ரெண்டு கிழமையா வேணாமெண்டுட்டுது. அப்ப நிக்கத்தானே செய்யும். மனம் மாறினாலும் எண்டு அதுட கானை நான் கொண்டேதான் திரியிறன். இந்தாங்க.” தன் லொறியிலிருந்து இருபது லீற்றர்க் கான் ஒன்றை இறக்கி வைத்தார்.

“எந்தத் தங்கச்சி?” என்றார் தில்லைநாதன்.

“உங்கட வீட்டுத் தங்கச்சிதான். முட்டையைத் தரும், டீசலை வாங்கும். வரிசை முடிஞ்ச காலத்திலிருந்து ஒரு வியாழன் தவறினதில்ல.” அப்போதுதான் அவர் தில்லைநாதனின் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. “தம்பிக்குத் தெரியாதா?”

எனக்கு அந்த இடத்தில் பல விஷயம் விளங்கியது. விடியப்புறம் தில்லைநாதன் கிணற்றடியில் வாளியைப் போட்டு உருட்டும் நேரத்தில், லொறிப் பக்கம் ஒரு மூடி திறக்கிற சத்தம் கேட்கும். பூனை என்று நினைத்திருந்தேன். குச்சி ஏன் காயவில்லை, கழிவொயில் ஏன் டீசலைவிடக் கூட ஓடியது, ஜெயரூபி ஏன் அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் அப்படிப் பார்த்தார், எல்லாம் வரிசையாக வந்தன.

மூடைகளின் மேலிருந்து குரல் வந்தது. “அப்ப இவ்வளவு காலமும் லொறியை இழுத்தது கோழியோ, அண்ணை?”

சிரிக்கக்கூடாத இடம். நான் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நானாவும் ஏதோ மரத்தைப் பார்த்தார்.

தாங்கிக்குள் கிடந்த கறுப்பில் டீசலைக் கலந்து பயனில்லை. நானாதான் வழி சொன்னார். தாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு குழாயை நேராகக் கானுக்குள் விட்டார்கள். லொறி முதல் திருப்பிலேயே கிளம்பியது. வருடக்கணக்காக அந்த லொறியின் சத்தத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறேன், அப்படி ஒரு மெல்லிய சத்தம் அதிலிருந்து நான் கேட்டதில்லை. நானா தன் படங்கையும் அவிழ்த்துத் தந்தார். விமலேஸ்வரி முன் இருக்கைக்கு இறங்கி வந்து, கானை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி வைத்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, வட்டக்கச்சி வரையும் அப்படியே வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் “பைய, அண்ணை” என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முறிகண்டி வரைக்கும் தில்லைநாதனும் வாய் திறக்கவில்லை. பாவம், மனிதர் உடைந்துபோனார் என்று நினைத்தேன். ஏதாவது ஆறுதல் சொல்லலாமோ என்றுகூட யோசித்தேன். பிள்ளையார் வாசலில் எஞ்சினை நிற்பாட்டாமல் ஓடவிட்டு, இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, நன்றாகக் கும்பிட்டு, திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

“இப்பதான் விளங்குது, மனேச்சர்.”

“என்ன விளங்குது?”

“ஏன் என்ரை ஒயில் சரியா வேலை செய்யேல்லை எண்டு. வீட்டிலை இவா டீசலைக் கலந்து பழுதாக்கிப் போட்டா.”

கிளிநொச்சிக்குள் நுழையும்போது முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. படங்கு தாங்கியது. ஒழுங்கை முகப்பில் பத்து வீட்டாரும் நின்றார்கள், நாற்பது மூடையும் நனையாமல் இறங்கின. துளி அன்று துளியோடு நின்றது. வெள்ளி விடிய விதைத்தார்கள். சனிக்கிழமை மழை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது, விமலேஸ்வரி அந்த மழைக்குள் வந்து, நனைந்த தலையோடு, ஜெயரூபியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். தில்லைநாதன் இதை ஒரு பரலுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

ஜெயரூபி அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் கோயில் எண்ணெய் வந்த அந்த மூன்று கானும் காணாமல் போயின. அடுத்த வியாழன் கச்சு முகம்மது நானாவின் லொறி படலையில் வந்து நின்றது. முட்டைத் தட்டுகள் வெளியே போயின, கான் உள்ளே வந்தது. தில்லைநாதன் அப்போது முற்றத்தின் நடுவில்தான் நின்றார். படலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெளிந்துகொண்டிருக்கும் பரலை, ஆட்டவே கூடாத அந்தப் பரலை, ஒரு தடியால் மும்முரமாகக் கலக்கினார். நானா போகும்வரை அவர் திரும்பவேயில்லை.

போன கிழமை என்னைக் கூப்பிட்டுக் குச்சியைக் காட்டினார். “பாத்தியளோ, மனேச்சர், குறையவே இல்லை.”

ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். என் மனுசி தேத்தண்ணி தந்தார். ஒரு மிடறு குடித்தேன், வழக்கம்போல இனித்தது. இரண்டாவது மிடறில் கை நின்றது. கோப்பையின் அடியைச் சாய்த்துப் பார்த்தேன்.

“இஞ்சரும், இதுக்கை என்ன போட்டனீர்?”

“வெறுந்தேத்தண்ணிதானே,” என்று குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது. “ஏன், இனிக்கேல்லையோ?”

நன்றாக இனிக்கிறது என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் லொறி இல்லை, கழிவொயிலும் இல்லை, சந்தோஷம். ஆனால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று, உங்களுடைய சொந்தக் கெட்டித்தனத்தில், ஒருவருடைய உதவியும் இல்லாமல், வருடக்கணக்காக அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். அதை நாலு பேருக்குச் சொல்லியும் இருப்பீர்கள். நாளைக்கு விடியப்புறம் கிணற்றடியில் வாளியை உருட்டாமல் ஒருதரம் சும்மா நின்று பாருங்கள், எங்கேயாவது மூடி திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று. கேட்டால் பூனைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.